வாப்பாவின் நடை

பினாங்கு
2011 மார்ச் 6

அன்பு ராத்தாவுக்கு,

நுஸ்கியின் ஸலாம். வாப்பாவுக்கும் மச்சானுக்கும் உங்கள் மகள் றைஸாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வந்து இறங்கிய நாளிலிருந்து உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டில் இனிப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அங்கே எல்லோருக்கும் சுகம்தானே?

போன வெள்ளிக்கிழமை போனில் இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "சரி சரி, றைஸாகிட்ட குடுக்கிறன்" என்று நீங்கள் விலகிவிட்டீர்கள். எப்போதும் அப்படித்தான். ஆகவே எழுதுகிறேன்.

இந்தப் புலமைப்பரிசில் எதற்கு என்று வாப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை என்று தெரியும். நெஞ்சு வருத்தக்காரருக்கு, மருந்து கொடுத்த பிறகும் மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் இருப்பவர்களுக்கு, மறுபடி நடக்கவும் குளிக்கவும் வேலை செய்யவும் பழக்குவதுதான் படிப்பு. தாதிமாரும் என்னைப் போன்ற பிசியோக்காரரும் பல நாடுகளிலிருந்து வந்திருக்கிறோம். இலங்கையிலிருந்து நான் ஒருவன்தான்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. நாங்கள் ஒவ்வொருவரும் சொந்த ஊரில் ஒரு நோயாளியைத் தெரிந்தெடுத்து, இங்கிருந்தே வழி சொல்லிப் பழக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வர ஏலாதவர்களை எப்படிக் கவனிப்பது என்று படிக்கத்தான். நான் வாப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். கிளினிக் துண்டுகளின் பிரதி என் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். சமதரையில் நடக்க வேண்டும். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் இரண்டு வார்த்தை கதைக்க முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் நின்று, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். ஆறியதும் திரும்ப நடை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பதும் ஒரு பயிற்சி. மூச்சுக் கஷ்டத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவரிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள்.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
நுஸ்கி


எத்தாளை
2011 மார்ச் 27

என் தம்பி நுஸ்கிக்கு,

ராத்தாவின் ஸலாம். அல்லாஹ்வின் காவலில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீ இனிப்பைக் குறைத்துக்கொள். உம்மாவுக்கு இருந்த சீனி வருத்தம் உனக்கும் வரலாம்.

உன் கடிதம் வந்த அன்று வீட்டு வாசலில் ஒரு கூத்து. கவர் மூலையில் 'ரிஹெபிலிட்டேசன்' என்று அச்சடித்திருக்கிற இங்கிலீஷைத் தபால்காரர் வாசித்துவிட்டு, "என்ன தங்கச்சி, தம்பிய புனர்வாழ்வுக்கா அனுப்பியிருக்காங்க? அவன் அப்படி என்ன செஞ்சான்?" என்று கேட்டார். சண்டை முடிந்து இந்த இரண்டு வருடமாக ரேடியோவில் அந்தச் சொல் வந்தால் முகாமில் வைத்திருக்கிற இயக்கப் பொடியன்களைப் பற்றித்தானே. நான் "இல்ல, இது மூச்சுக்கு" என்றேன். அவர் இன்னும் குழம்பிப்போய், "மூச்சு உட்டதுக்குமா புடிக்கிறாங்க?" என்றார். இப்போது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு நீ எங்கேயோ அடைபட்டிருப்பதாகக் கதை. மச்சான் லொறியில் தம்புள்ளைக்கு மிளகாய் ஏற்றப் போன இடத்தில்கூட யாரோ கேட்டார்களாம்.

வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, "மூச்சில்லாதவன நடக்கச் செல்ற படிப்பும் ஒரு படிப்பா? நொண்டிய ஓடச் செல்லுவானா இவன்?" என்றார். பிறகு பீடியைப் பற்றவைத்தார்.

நான் விடவில்லை. செய்ய வைக்கப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மூச்சு முட்டும்போது மேலும் நடந்தால் நெஞ்சு நின்றுவிடாதா? முட்டு வந்த ஆளுக்கு அந்த நேரம் கண் இருட்டி, இனி அடுத்த மூச்சு வராது என்றே தோன்றும். அப்போது யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது? வாப்பாவுக்காகத்தான் கேட்கிறேன்.

கெதியாகப் பதில் போடு.

ரம்ஸியா ராத்தா


பினாங்கு
2011 ஏப்ரல் 9

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். புனர்வாழ்வுக் கதையை இங்கே உள்ளவர்களிடம் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு உலகக்கிண்ணத்தில் நாங்கள் தோற்றோம். அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. எங்கள் பேராசிரியை முதல்நாள் சொன்னதும் இதைத்தான். மூச்சு வாங்குமே என்று பயந்து ஆள் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காததால் கால் தசை வற்றுகிறது. வற்றிய கால் கொஞ்ச வேலைக்கே நிறையக் காற்றுக் கேட்கிறது. ஆகவே முன்னைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. ஆள் இன்னும் பயப்படுகிறார். இப்படியே ஒரு நாள் கதிரையோடு ஒட்டிவிடுகிறார். கெட்டுப்போன நுரையீரலை நாங்கள் திருத்துவதில்லை, ராத்தா. அதை வைத்துக்கொண்டு வாழப் பழக்குகிறோம்.

கண் இருட்டும்வரை போகக் கூடாது. அதற்கு முன்னமே நிற்க வேண்டும். வேலியையோ மரத்தையோ பிடித்து முன்னால் சாயட்டும். இழுப்பதைவிட ஊதுவது நீளமாக இருக்கட்டும். வாப்பாவின் இதயத்தைக் கிளினிக்கில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதில் பழுதில்லை. அந்த நம்பிக்கையில்தான் நடக்கச் சொல்கிறேன். தனியாக மட்டும் விடாதீர்கள். குசினி அடுப்புப் புகைப் பக்கமும் இருத்த வேண்டாம்.

நல்ல செய்தியை எதிர்பார்க்கிறேன்.

நுஸ்கி


எத்தாளை
2011 மே 3

தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். றைஸா ஓ.எல். சோதனையில் நல்ல மறுமொழி எடுத்து ஏ.எல். வகுப்புக்குச் சேர்ந்துவிட்டாள்.

வாப்பா நடக்கத் தொடங்கிவிட்டார்.

விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், தென்னந்தோட்டத்து வேலியோரமாக. முதல் நாள் வளவு மூலைக்குப் போகவே நெஞ்சு அடைத்துக்கொண்டது. வேலிக் கட்டையைப் பிடித்துச் சாய்ந்து ஊதியதும் ஆறியது. நீ சொன்னபடி திரும்ப நடந்தது. இப்போது வெங்காயத் தோட்டம் வரை போய்வருகிறது. பத்துக்கு எட்டாக இருந்த கஷ்டம் ஆறுக்கு இறங்கியிருக்கிறது. கிணற்றடியிலிருந்து குடத்தோடு வரும்போது முன்பெல்லாம் முருங்கை மரத்தடியில் இறக்கிவைக்க வேண்டும். நேற்று இறக்காமல் குசினி வரை வர முடிந்தது. என்னால் நம்ப ஏலவில்லை.

உதட்டைக் குவித்து ஊதுவது உடனே பிடிபட்டுவிட்டது. அடுப்பு ஊதுவது மாதிரியே இருக்கிறது.

போனில் இதைப் பற்றி வாப்பாவிடம் கேட்காதே. கேட்டால் வெட்கத்தில் நிறுத்திவிடுவார். உனக்கு அவரைத் தெரியும்தானே.

இடியப்பம் அவிக்கிற நேரமாகிவிட்டது. கற்பிட்டிக் கடைக்காரரின் ஆள் எடுத்துப்போக வந்து நிற்கிறான். அல்லாஹ் உனக்குக் கல்வியைச் சேர்த்துத் தரட்டும்.

ராத்தா


பினாங்கு
2011 மே 21

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாத்தோடு சந்தோசத்தையும் அனுப்புகிறேன். சுகத்துக்குக் குறைவில்லை.

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்து வகுப்பில் வாசித்தேன். மற்றவர்களின் நோயாளிகள் இரண்டாவது கிழமையே விட்டுவிட்டார்கள். ஒரு நேபாளத் தாதியின் நோயாளி மலையிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறாராம். வாப்பா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறார்! வருட முடிவில் நான் எழுத வேண்டிய அறிக்கைக்கு இதையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அது சரியாக அமைந்தால்தான் சான்றிதழ்.

ஆனால் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார். "உன் தந்தை அடுப்பு ஊதுவாரா?" எல்லோரும் சிரித்தார்கள். அது ராத்தா சொன்ன உவமை என்று சொல்லிச் சமாளித்தேன். குடத்தைப் பற்றி எனக்கே விளங்கவில்லை. வாப்பா ஏன் குடம் தூக்குகிறார்? உம்மா இருந்த காலத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இருந்த இடத்துக்கு வரவழைத்துக் குடித்தவர். நல்ல மாற்றம்தான், ஆனால் பாரம் தூக்க இன்னும் காலம் இருக்கிறது. சொல்லி வையுங்கள்.

பீடியைக் குறைத்திருக்கிறாரா? அதை எழுத மறந்துவிட்டீர்கள்.

நுஸ்கி


எத்தாளை
2011 ஜூன் 14

தம்பிக்கு,

ஸலாம். இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். தென்மேற்குக் காற்றுத் தொடங்கிவிட்டது. வாசலெல்லாம் மணல்.

வாப்பா பீடியைக் குறைக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நடையில் குறையில்லை. கடற்கரை தெரிகிற இடம் வரை போய்வரலாம். ஆனால் குந்தியிருந்து தேங்காய் துருவும்போதுதான் கஷ்டம். வயிறு மடங்கிவிடுவதால் காற்று இறங்குவதில்லை. பாதித் தேங்காயில் நிறுத்த வேண்டியிருக்கிறது. கையை மேலே தூக்கி உடுப்புக் காயப்போட்டாலும் அப்படித்தான். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

இன்னொரு விசயம். றைஸாவைக் கேட்டு மாம்புரியிலிருந்து ஆள் வந்தது. பொடியன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், நல்ல குடும்பம். படிப்பை முடித்த பிறகுதான் கலியாணம் என்று சொல்லிவிட்டோம். அதற்கும் சம்மதம். பொடியனின் உம்மா பெருநாளுக்குப் பிறகு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். சரியான கண்டிப்பான மனுசி என்று கேள்வி. ஊரில் ஒரு வீட்டில் இருமல் கேட்டால் "கசம்" என்று முடிவுகட்டிவிடுவார்கள், உனக்குத் தெரியும். ஆகவே கேட்கிறேன். இந்த வருத்தம் பக்கத்தில் படுப்பவர்களுக்குத் தொற்றுமா? பெற்ற பிள்ளைகளுக்கு இறங்குமா?

மறக்காமல் இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

ராத்தா


பினாங்கு
2011 ஜூலை 2

ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம்.

இந்த வருத்தம் தொற்றாது, இறங்காது. கசம் என்கிற காசநோய் வேறு, இது வேறு. மாம்புரியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

மற்றதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மனத்தில் வைத்துக்கொள்ள ஏலவில்லை, ஆகவே எழுதுகிறேன். வாப்பா தேங்காய் துருவுகிறாரா? உடுப்புக் காயப்போடுகிறாரா? குடம் தூக்குவது போதாதென்று இதுவும் சேர்ந்துவிட்டதா? நான் அவரை நடக்க வைக்கச் சொன்னேன். வீட்டு வேலை வாங்கச் சொல்லவில்லை. இடியப்ப வியாபாரத்துக்குக் கை போதவில்லை என்றால் ஆள் பிடியுங்கள், ராத்தா. மூச்சில்லாத கிழவனைக் குந்த வைத்து வேலை வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? உம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

அல்லது வாப்பாவின் புத்தி தடுமாறுகிறதா? ஆண்பிள்ளை செய்யாத வேலையெல்லாம் இந்த வயதில் தானாக எடுத்துச் செய்கிறார் என்றால் அதையும் நான் யோசிக்க வேண்டும். அப்படியானால் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தாலும் அதில் இருக்கிற ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நுஸ்கி


பினாங்கு
2011 ஓகஸ்ட் 16

ராத்தாவுக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே இப்தாருக்குக் கஞ்சி கிடைக்கிறது, எங்கள் கஞ்சி மாதிரி இல்லை.

உங்களிடமிருந்து பதிலே வரவில்லை. போன் எடுத்தால் றைஸா, "உம்மா தொழுறா" என்கிறாள். எந்த நேரம் எடுத்தாலும் தொழுகையா? கோபத்தில் எழுதிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் எனக்கே கூடாமல் இருக்கிறது. திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள். வாப்பா எப்படி இருக்கிறார்?

நுஸ்கி


எத்தாளை
2011 செப்டம்பர் 3

மகனார் நுஸ்கிக்கு வாப்பா முத்தலிபு எழுதிக்கொள்வது.

ஸலாம். பெருநாள் முடிந்தது. எனக்குக் கண் பார்வை குறைவு, எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்து வாசி.

நீ ராத்தாவுக்கு எழுதிய கடிதத்தை றைஸா எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் குடம் தூக்குகிறேன், தேங்காய் துருவுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு விசரா? நான் போன ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து வேலிக் கடப்புக்கு வெளியே கால் வைத்ததில்லை. வேலியோரம் நடந்தேனாம், கடற்கரை கண்டேனாம். உன் ராத்தா உனக்கு அப்படி எழுதினதாக றைஸா சொல்கிறாள். கதிரையை விட்டு எழும்பச் சொல்லி உன் ராத்தா இரண்டு நாள் கரைச்சல் தந்தாள். நான் ஏசினேன். அதோடு விட்டுவிட்டாள்.

நடந்தது அவள்.

நானும் இப்போதுதான் அறிகிறேன். ஸுபஹுக்குப் பிறகு பேத்தியைக் கூட்டிக்கொண்டு தோட்டப் பக்கம் போவாள். விறகு பொறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வருவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒழுங்கையில் உள்ளவர்கள் ஒரு மாதிரிக் கதைத்ததும் என் காதுக்கு வந்தது. அதையும் கேட்கவில்லை.

நோன்பு பதினெட்டு அன்று பின்னேரம் அஸர் நேரம் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். குடம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உதடு நீலமாய் இருந்தது. மருமகன் சரீப் லொறியோடு போயிருந்தார். பக்கத்து வீட்டு இசபெல் வந்து நிமிர்த்தி இருத்தி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறாள். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் வாயால் ஓம் என்றேன். மனத்தால் சொல்லவில்லை.

அவள் விழுந்தபோது நான் கதிரையிலிருந்து எழும்பி ஓடினேன் மகன். முருங்கையடி வரைதான் போக முடிந்தது. அங்கே நின்று ஊருக்குக் கேட்கக் கத்தவும் எனக்குக் காற்று இல்லை. றைஸாதான் கத்தினாள்.

இந்தப் பிள்ளைக்கு எத்தனை காலமாக மூச்சு முட்டியது? ஒரே கூரைக்குள் இருக்கிறேன். என் இருமல் சத்தத்தில் அவள் இருமல் எனக்குக் கேட்கவில்லை.

முத்தலிபு


பினாங்கு
2011 செப்டம்பர் 20

ராத்தாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை என் சுகத்தோடு தொடங்க மனம் வரவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது?

வாப்பாவின் கடிதம் கிடைத்தது. அவரிடம் கோபிக்காதீர்கள். உங்கள் பழைய கடிதங்களை எடுத்து, "வாப்பா" என்று இருந்த இடமெல்லாம் "நான்" என்று போட்டு வாசித்தேன். பீடி வரியைத் தவிர ஒன்றும் பிசகவில்லை. நான் உடம்பைப் படித்தவன். ஆஸ்பத்திரியில் ஆள் கதவைத் திறந்து வரும்போதே மூச்சைப் பார்த்துச் சொல்வேன் என்று பெருமை பேசினவன். நீங்கள் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் கதைக்காததன் காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இதைக் கேளுங்கள், நடையை நிறுத்துங்கள். நான் எழுதியது வாப்பாவின் உடம்புக்கு. அவருடைய இதயத்தைச் சோதித்த துண்டு என்னிடம் இருந்தது, உங்களுடையது இல்லை. உங்கள் நுரையீரலில் என்ன இருக்கிறது, நெஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒன்றும் தெரியாமல் உங்களை நடக்க வைத்திருக்கிறேன். புத்தளத்தில் என்னோடு வேலை செய்யும் டாக்டர் கீதனிடம் கதைத்துவிட்டேன். குழாயில் ஊதிப் பார்ப்பார்கள், இதயத்தையும் பார்ப்பார்கள். கட்டாயம் போங்கள்.

பேராசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். உங்கள் கடிதங்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, "நீ காணாத ஒரு உடம்புக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மருந்து எழுதியிருக்கிறோம். அடுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன்" என்றார். அறிக்கையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். சான்றிதழ் கிடைக்குமா, புலமைப்பரிசிலைத் திருப்பி எடுப்பார்களா என்று இன்னும் முடிவாகவில்லை. அது போகட்டும். வரச் சொன்னால் நாளைக்கே வருகிறேன்.

ஒரு வழி இருக்கிறது என்றார் அவர். நீங்கள் சோதனைக்குப் போய், டாக்டர் சம்மதித்து, நீங்களும் சம்மதித்தால், உங்கள் பெயரிலேயே முதலிலிருந்து தொடங்கலாம். பீடி தொடாமல், அடுப்புப் புகையால் இந்த வருத்தம் வந்த பெண்களைப் பற்றி எழுத ஆளில்லை என்கிறார். ஆனால் றைஸாவின் கலியாணக் கதை இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்.

உம்மா மவுத்தான வருடம் எனக்குப் பத்து வயது. அதிலிருந்து என் சோறும் படிப்பும் அந்தக் குசினியிலிருந்துதான் வந்தது. ஒரு நாளாவது நான் அதற்குள் வந்து இருந்தேனா என்று யோசிக்கிறேன்.

ஏன் ராத்தா சொல்லவில்லை?

நுஸ்கி


எத்தாளை
2011 ஒக்டோபர் 30

என் தம்பிக்கு,

ஸலாம். மூச்சு இன்றைக்குப் பத்துக்கு ஐந்து. நேற்று நாலு. மழைக் குளிருக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றவர்கள் சுகம்.

புத்தளத்துக்குப் போனேன். குழாயில் ஊத வைத்தார்கள். மூன்று தரம் ஊதியும் மீட்டர் ஊசி ஏறவில்லை. டாக்டர் கீதன், "பீடி, சுருட்டு ஏதாவது?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்றார். அவரும் இல்லை என்றேன். பிறகுதான் எத்தனை வருடம் என்ன விறகில் சமைக்கிறேன் என்று கேட்டார். தென்னமட்டை, தேங்காய்ப் பொச்சு என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முன்பு ஒரு கிளினிக்கில் எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை, மனப்பயம் என்று நித்திரைக் குளிசை தந்திருந்தார்கள். அதைக் காட்டினேன். இனி அது வேண்டாம் என்றார். இதயம் நல்லது என்றார். வாயில் அடிக்கிற பம்ப் தந்திருக்கிறார். மெதுவாக நடக்கலாம் என்று எழுதியும் தந்தார். அதன் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன்.

மச்சான் வந்து குசினியின் பின்சுவரை உடைத்து, அடுப்பை வெளியே சாய்ப்புக்கு மாற்றிவிட்டார். "நான் ஊரெல்லாம் மிளகாய் ஏத்தித் திரியிறன், எனக்கு ஒண்டும் தெரியாமப் போச்சு" என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு உடைத்தார். வாப்பா இன்னும் நடக்கவில்லை. ஆனால் நான் போய்வரும்வரை கடப்படியில் கதிரையைப் போட்டு இருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ படிப்பை விட்டு ஓடிவருவாய் என்று பயந்தேன், அது ஒன்று. றைஸாவின் காரியம் இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுத இருந்தபோது "எனக்கும் முட்டு இருக்கிறது" என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். "வாப்பா" என்று எழுதினால் பேனை ஓடியது. "நான்" என்று எழுதினால் நின்றுவிட்டது. எனக்கு வருத்தம் என்று யாரிடமாவது சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அது எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை, நுஸ்கி. இதற்கு மேல் அது எனக்கே விளங்கவில்லை. நீ வேலை வாங்குவதாக எழுதியபோது கோபம் வந்தது. அழுதும் தீர்த்தேன். பிறகு சிரிப்பும் வந்தது. எதை உனக்கு எழுதுவது?

இனி மாம்புரிக் கதை. பொடியனின் உம்மா பத்து நாளைக்கு முன் வந்தார். ஒளிக்க எனக்கு இனிச் சத்து இல்லை. தேத்தண்ணி வைத்துவிட்டு நானே சொன்னேன். "எனக்கு நெஞ்சு வருத்தம். புகையால வந்தது, தொத்தாது. மருந்து அடிக்கிறன், தம்பி செல்லித்தந்த மாதிரி மூச்ச ஊதுறன். றைஸாக்கு ஒண்டும் இல்ல. நீங்க யோசிச்சுச் செல்லுங்க." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். "வாறம்" என்று எழும்பிப் போய்விட்டார். றைஸா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

முந்தாநாள் ஸுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டால், கடப்புக்கு வெளியே அவர் நிற்கிறார். கூட யாரும் இல்லை. மாம்புரியிலிருந்து பால் ஏற்றி வருகிற வானில் ஏறி வந்திருக்கிறார். வாப்பா கதிரையிலிருந்து, "உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். அவர் உள்ளே வரவில்லை. என் கையைப் பிடித்து வேலிப் பக்கம் கூட்டிப் போனார்.

"தம்பி என்னமோ ஊதச் சொன்னதாச் சொன்னீங்களே, அது எப்படி?" என்று கேட்டார்.

காட்டினேன். அவர் செய்து பார்த்தார். வாயைத் திறந்தபோது உள்ளே பூனைக்குட்டி கத்துவது மாதிரிச் சத்தம். நான் எத்தனை வருடம் என்றேன். அவர் விரலைக் காட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். "மகனுக்குத் தெரியாது" என்றார். "உங்களுக்குச் சொல்ற தைரியம் எங்கால வந்த?" என்றார். விழுந்துவிட்டேன், அதனால் வந்தது என்று சொன்னேன்.

நீ எனக்குப் படிப்பித்துத் தந்ததை வைத்து அவரை நடக்கவிடவில்லை. முதலில் குழாயில் ஊத வேண்டும் என்று சொல்லி வேலிக் கட்டையோடு சாய்த்து இருத்தினேன். வாற செவ்வாய் புத்தளத்துக்குக் கூட்டிப் போகிறேன். மகனிடம் என்ன சொல்லி வெளிக்கிடுவார் என்று தெரியாது. கலியாணத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. றைஸா என்னிடம் "அப்ப என்ன உம்மா, ஓமா இல்லையா?" என்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நீ ஓடிவர வேண்டாம். டிசம்பரில் முடித்துவிட்டு வா. சான்றிதழ் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி, இங்கே உனக்கு இப்போதே இரண்டு நோயாளிகள் இருக்கிறோம். அறிக்கையில் என் பெயரைப் போடு. வயது நாற்பத்திரண்டு, ஊர் எத்தாளை, வேலை இடியப்பம் அவிப்பது. அதையும் எழுது, விடாதே. மற்றவருடைய பெயரை நான் உனக்கு எழுதவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

ரம்ஸியா